புதுப்பிப்பு: அண்ணன் குரல் கிடைத்துவிட்டது

போன் மாற்றியதில், இறந்துபோன பெரியப்பா மகனின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் தொலைந்தன, மீட்க வழி உண்டா என்று கேட்டிருந்தேனே, கிடைத்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி.

கடையில் கொடுத்துப் பார்த்தது வீண். பழைய போனிலேயே 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரைத் தேடச் சொல்லி நீங்கள் தந்த யோசனைதான் பலித்தது. வாரத்துக்கொரு ஃபோல்டர், எல்லாம் ஓபஸ் என்ற வகை ஒலிக் கோப்பு. பெயரில் தேதி இருக்கும், ஆள் பெயர் இருக்காது. அதனால் வி.எல்.சி. பிளேயர் செயலியில் ஒவ்வொன்றாகக் கேட்டேன், இரண்டு ராத்திரி.

எதிர்பாராதது ஒன்று. ஒரு பதிவு முழுக்க தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்று, அலை, தூரத்தில் சுண்டல்காரர். கடைசியில், "டேய், தெரியாம அமுக்கிட்டேன்டா" என்று சிரிப்பு. கூடப்பிறக்காத குறையை மறக்கடித்த சிரிப்பு. முதல் திதியும் அதே கரையில்தான் கொடுத்தோம்.

பெரியம்மா அதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்.