பால்டியஸிடம் தோற்ற நான்கு இரவுகள்: ஆர்மர்டு கோர் 6 பாஸ் சண்டை அனுபவங்கள்

ராட்சத போர் எந்திரங்களை ஓட்டிச் சண்டையிடும் வீடியோ கேமான ஆர்மர்டு கோர் 6 வெளியானது 2023 ஆகஸ்ட் 25 அன்று. அந்த வாரமே வாங்கிவிட்டேன். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பணியில் வரும் பாஸ், அதாவது பெரிய எதிரியான பால்டியஸைத் தாண்ட எனக்கு நான்கு இரவுகள் ஆயின. உங்களை எந்த பாஸ் நிறுத்திவைத்தது, எப்படித் தப்பினீர்கள் என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பணியில் முதலில் வரும் எதிரி விமானி சுல்லாவை வீழ்த்தியாயிற்று, பணி முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் கோரல் என்ற எரிசக்திப் பொருள் பொங்கி வெடிக்கிறது. அதன் பிறகு பால்டியஸ் வந்து இறங்குகிறது. சண்டை தொடங்கிய மறுகணமே மயில் தோகை விரித்ததுபோல் வட்டமாக ஏவுகணைகள். இயல்பாகவே பின்வாங்கினேன். அங்கேதான் தப்பு. பின்வாங்கப் பின்வாங்க, அவை வளைந்து வந்து சேர நானே இடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் இரவு முழுக்க இதே கூத்து.

இரண்டாம் இரவு தற்செயலாக விரல் தவறி முன்னோக்கிப் பாயவைக்கும் அசால்ட் பூஸ்ட் பட்டனை அழுத்திவிட்டேன். எந்திரம் நேராக எதிரியை நோக்கிப் பாய்ந்தது. செத்தேன் என்று நினைத்தேன். ஏவுகணைகள் தலைக்கு மேலே போய் முதுகுக்குப் பின்னால் வெடித்தன! முன்னால் போவதுதான் பாதுகாப்பு என்பது புரிய இருபது தடவையாவது செத்திருப்பேன்.

புரிந்த பிறகும் ஜெயிக்கவில்லை. பால்டியஸைச் சுற்றி ஒரு பல்ஸ் கேடயம், அதாவது ஆற்றல் கவசம் உண்டு. என் கையில் இருந்ததோ சாதாரண மெஷின் கன். பாதிக் கேடயம் கரைவதற்குள் என் மூன்று ரிப்பேர் கிட்டும் தீர்ந்துவிடும். பல்ஸ் துப்பாக்கி அந்தக் கேடயத்தை வேகமாகக் கரைக்கும் என்று தெரிந்தது, ஆனால் என்னிடம் அது இல்லை. செத்த இடத்திலேயே பாகங்களை மாற்ற விளையாட்டு அனுமதிக்கிறது. கையிருப்பில் உள்ள பாகங்களை மட்டும்தான். கடைக்குப் போக வேண்டுமென்றால் பணியையே கைவிட வேண்டும். திரும்ப வந்தால் பணியின் தொடக்கத்திலிருந்து ஆரம்பம். இதற்குச் சோம்பல்பட்டே இன்னோர் இரவை வீணாக்கினேன்.

நான்காம் இரவு வெளியேறி, மெஷின் கன்னை விற்றேன். வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு காசு குறையவில்லை. இவ்வளவு நாள் எதற்காகக் கஞ்சத்தனம் செய்தேன் என்று என்மீதே எரிச்சல் வந்தது. பல்ஸ் துப்பாக்கியோடு திரும்பிப் போனபோது கேடயம் அப்பளமாக நொறுங்கியது. கேடயம் போனதும் அடி வாங்க வாங்க ஏறும் ஸ்டேகர் பட்டை நிரம்பி அது அசையாமல் நிற்கும் சில நொடிகளில் பல்ஸ் வாளால் இரண்டு வெட்டு. பின்பாதியில் தீயை வாள்போல் வீசிக்கொண்டு வரும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் போய் வந்தது.

என் முடிவு இதுதான்: இந்த விளையாட்டில் சண்டை நடக்கும் இடம் களம் அல்ல, எந்திரத்தின் பாகங்களை மாற்றும் கராஜ். தோற்றால் கையைத் திட்டாதீர்கள், எந்திரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

* * *

நண்பரே, அனுபவம் அருமை. முடிவோடுதான் உடன்பாடில்லை.

எல்லாம் கராஜில்தான் என்றால் முதல் பணியில் வரும் அந்த ஹெலிகாப்டரை என்ன செய்வீர்கள்? அங்கே ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. கொடுத்த எந்திரம், கொடுத்த ஆயுதம். நான் அதனிடம் பதினோரு முறை விழுந்தேன். தரையிலேயே நின்று சுட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். பறக்கும் எதிரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் சுடுவதற்கு நாம் நல்ல குறி. மேலே ஏறி, அதன் மூக்குக்கு நேராகப் போய் வாளை வீசிய பிறகுதான் அது இறங்கியது.

பால்டியஸையும் நான் அதே மெஷின் கன்னோடுதான் முடித்தேன். ஆறு மணி நேரம் ஆனது, மறைக்கவில்லை. என் கண் எப்போதும் எதிரிமேல் இருந்தது. திரையில் எனர்ஜி பட்டை தீர்வதைப் பார்க்கவே இல்லை. பட்டை காலியானால் எந்திரம் கல்போல் விழும். அந்த நொடியில்தான் ஒவ்வொரு முறையும் தீ வந்து விழுந்தது. பட்டையில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே தரையில் கால் வைத்துவிட வேண்டும் என்று விரலுக்குப் பழக்கினேன். அதை எந்தக் கடையில் வாங்குவது?

* * *

நான் இரண்டாம் அத்தியாய இறுதியில் வரும் சீ ஸ்பைடரிடம் மாட்டியவன். அவ்வளவு பெரிய காலைத் தூக்கி மிதிக்கிறதே என்று கீழேயே ஓடி ஓடி விலகினேன். நான்கு கால் எந்திரத்துக்கு மாறி, அதன் தலைக்கு மேல் மிதந்தபடி சுட்டபோது சண்டை பாதியாக எளிதானது. பாதி என்றுதான் சொல்கிறேன். அடுத்த கட்டத்தில் அதுவும் மேலே எழும்பி, கால்களை மடக்கிச் சக்கரம்போல் சுழன்று வரும். அதை முதல்முறை பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

ஒருவழியாக ஜெயித்தேன். அடுத்த சில நாட்களில், செப்டம்பரில், ஒரு அப்டேட் வந்தது. பால்டியஸ், சீ ஸ்பைடர், நான்காம் அத்தியாயத்தின் பாஸான செல் 240 எல்லாவற்றின் கடுமையையும் குறைத்துவிட்டார்கள். எனக்கு நேர்ந்ததை நீங்கள் ஆறுதல் என்பீர்களா, அவமானம் என்பீர்களா?

* * *

ஐஸ் வோர்ம் என்ற ராட்சதப் புழு பாஸ் பற்றி யாரும் எழுதவில்லையே. அதில் கையும் கராஜும் இரண்டும் வேண்டும். அதற்கு மேல் பொறுமையும் வேண்டும். அந்த மின்னூசி ஏவியைத் தோளில் மாட்டியே ஆக வேண்டும்.  புழு பனிக்குள் மூழ்கி எழும்போதெல்லாம் அவசரப்பட்டுச் சுட்டு வீணாக்கினேன். தலை முழுவதும் வெளியே வந்து முகம் நம் பக்கம் திரும்பும் வரை காத்திருந்தால் போதும். முகத்தில் ஊசி பட்டு ஒரு கேடயம் விழுந்ததும், தொலைவிலிருந்து நம் கூட்டாளி ரஸ்டி ரெயில்கன்னால் சுட்டு அடுத்ததை உடைப்பான். அந்த ஒரு குண்டுக்காகவே இந்தப் பணியை மூன்று முறை ஆடியிருக்கிறேன்.

* * *

முதல் பதிவை எழுதியவன் நான்தான். எனர்ஜி பட்டை பற்றி எழுதியவருக்கு நன்றி. அது எனக்கும் நடந்திருக்கிறது, கவனிக்கவே இல்லை.

வேறு முடிவைப் பார்ப்பதற்காக இரண்டாம் சுற்று தொடங்கியிருந்தேன். நேற்று மறுபடி பால்டியஸ். வீம்புக்காகப் பல்ஸ் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு மெஷின் கன்னோடு போனேன். தோகை விரிந்தது. முன்னால் பாய்ந்தேன். பட்டை கால்வாசிக்கு இறங்கும்போதெல்லாம் தரை. முதல் முயற்சியிலேயே விழுந்துவிட்டது, இரண்டு ரிப்பேர் கிட் மிச்சம். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் சற்று நேரம் தாக்குப் பிடித்திருக்கலாமே என்று தோன்றியது.