டே ஆற்றுப் பாலம் விழுந்தது: பழி முழுதும் பவுச் மேல்தானா?

பாலத்தடி:
ஸ்காட்லாந்தின் டண்டீ நகரை ஒட்டி, டே ஆற்றின் முகத்துவாரத்தில் 1878-ல் திறந்த ரயில் பாலம், 1879 டிசம்பர் 28 இரவு புயலில் விழுந்தது. நடுவிலிருந்த 13 உயரமான கண்களும் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) ரயிலோடு ஆற்றுக்குள் போயின. ஒருவரும் பிழைக்கவில்லை. வடிவமைத்த தாமஸ் பவுச்தான் குற்றவாளி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. வார்ப்பிரும்புத் தூண்களில் ஓட்டை விழுந்தால், தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், புகைக்கரி கலந்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். அது வார்ப்படசாலையின் திருட்டுத்தனம்.

ரிவெட்:
பூசியவர்களை நானும் காப்பாற்ற வரவில்லை. ஆனால் பவுச் காற்றுக்கென்று தனியாகக் கணக்கே போடவில்லை. அதே காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் காற்றழுத்தம் சதுர அடிக்கு 55 பவுண்டு, அமெரிக்கர்கள் 50 பவுண்டு என்று வைத்துக் கட்டினார்கள்.

பாலத்தடி:
அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) என்பவரே 10 பவுண்டு போதும் என்று சொன்னாரே!

ரிவெட்:
அவர் சொன்னது ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ஆற்று முகத்துவாரத்தில் கட்டவிருந்த தொங்கு பாலத்துக்கு. 1600 அடி நீளக் கண் முழுதுக்குமான சராசரி அது. சிறு பரப்பில் 40 வரை வரலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். பாதியைப் படித்துவிட்டு வாதாடினால் எப்படி?

ஓரப்பயணி:
பராமரிப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? பாலத்தைப் பார்த்துக்கொண்ட ஹென்றி நோபிள் இரும்பு வேலை தெரிந்தவர் இல்லை. தூண்களைப் பிணைத்த குறுக்குப் பட்டைகள் தளர்ந்து சத்தம் போட்டபோது, இடையில் இரும்புத் துண்டுகளைச் செருகிச் சரிக்கட்டினார். பவுச்சுக்குத் தெரிவிக்கவும் இல்லை. (ஆற்றில் விழுந்த அந்த இன்ஜினை எடுத்துப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'டைவர்', அதாவது முக்குளிப்பவர். என்ன குசும்பு!)

பாலத்தடி:
அப்படிக் கேளுங்கள். விசாரணைக் குழுவில் மூவர். பழியைப் பவுச் மேல் வெளிப்படையாகப் போட்டது தலைவர் ராதரி மட்டுமே. யாரைக் குற்றம் சொல்வது தங்கள் வேலை இல்லை என்று பொறியாளர்களான யோலண்டும் பார்லோவும் ஒதுங்கினார்கள்.

ரிவெட்:
ஒதுங்கினார்கள், சரி. 'வடிவமைப்பு மோசம், கட்டுமானம் மோசம், பராமரிப்பும் மோசம்' என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததா? 1887-ல் திறந்த புதுப் பாலத்தை வடிவமைத்ததே அந்தப் பார்லோதான். பவுச்சின் பாணி சரியென்று தோன்றியிருந்தால் அதையே திரும்பக் கட்டியிருப்பாரே.

பாலத்தடி:
1878-ல் பாலத்தைச் சோதித்து அனுமதி கொடுத்த அரசு அதிகாரியும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவரை ஏன் விட்டீர்கள்?

ரிவெட்:
காற்றழுத்தத்துக்கு அப்போது அரசு விதியே கிடையாது.

பாலத்தடி:
ஓஹோ. விதி இல்லை என்பது அவருக்குச் சாக்கு, பவுச்சுக்கு மட்டும் குற்றமா?

ரிவெட்:
அந்த அதிகாரி, கட்டி முடித்ததைப் பார்க்க வந்தவர். தூண் எவ்வளவு அகலம், எதில் செய்வது என்று முடிவெடுத்தவர் பவுச். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை.