கீபோர்டு யார் கையில்?

தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுக்கிறேன். பெண்கள் இந்தப் பக்கம் வருவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் 1980களின் நடுவில் இந்தப் பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 37 பேர் பெண்கள். இருபது, இருபத்தைந்து வருடத்தில் அது 20-க்கும் கீழே போனது. என் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். சேர்வதில் இங்கே குறையில்லை. சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் நானே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, முதலாண்டு பிராக்டிகல். ஒரு பெண்ணின் ரெக்கார்டு நோட்டு அச்சடித்த மாதிரி இருந்தது. அல்காரிதம், அவுட்புட் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. "சரிம்மா, ஓட்டிக் காட்டு" என்றேன். ஒரு செமிகோலன் விட்டுப்போய் எர்ரர் வந்தது. உடனே இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "லேப்ல நான் டைப் பண்ணதே இல்ல மேம். அவன் வேகமா அடிப்பான், நான் பார்த்து எழுதிப்பேன்."

அடுத்த செமஸ்டரில் லேபைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். பையனும் பெண்ணுமாக உட்கார்ந்த எட்டு ஜோடியில் ஆறில் கீபோர்டு பையன் பக்கம், பேனா பெண் கையில். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன் கை முந்துகிறது, பயோ மேத்ஸிலிருந்து வந்தவள் தனக்கு மண்டையில் ஏறாது என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006 வாக்கில், ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்களையும் புதியவர்களையும் முதல் பாடத்திலேயே தனித்தனியாகப் பிரித்தார்கள். வேறு மாற்றங்களும் செய்தார்கள். அந்தத் துறையில் 10 சதவீதம் அளவில் இருந்த பெண்கள் சில வருடங்களில் 40-ஐ எட்டினார்கள். நானும் பேட்ச் பிரித்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலி மாற வேண்டும் என்றும் சொன்னேன். முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு. அப்புறம் பழகிவிட்டது.

சோழிங்கநல்லூர் உறுப்பினர்:
மேடம், அந்த மடியில் வைத்த கை எனக்கும் உண்டு. நான் பேக்எண்டில், அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் கோடு எழுதும் வேலையில் இருந்தேன். 26 வார பிரசவ லீவு முடிந்து வந்த அன்றே டீம் லீட் சொன்னார், "பேபி இருக்குல்ல, டெஸ்டிங்னா டென்ஷன் இருக்காதும்மா." நல்ல மனதோடுதான் சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்ததே, அதையும் கேட்கவில்லை. திரும்ப கோடு எழுத வர மூன்று வருடம் ஆனது. லீவிலிருந்து வருகிற தங்கைகளே, முதல் நாளே உங்கள் பழைய வேலையைக் கேளுங்கள்.

வியாசர்பாடி உறுப்பினர்:
நான் ஒரு அப்பா. கவுன்சலிங்கில் மகளுக்கு கோயம்புத்தூரில் நல்ல கல்லூரி கிடைத்தது. ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே போ என்று இங்கேயே சேர்த்தேன். பையனாக இருந்தால் அனுப்பியிருப்பேன், அது இப்போது உறுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் வீட்டில் சிஸ்டம் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு லேபில் உட்கார விடுவார்களா என்று அவளைக் கேட்கச் சொல்லலாமா மேடம்?

தாராளமாகக் கேட்கச் சொல்லுங்கள் சார். எங்கள் கல்லூரியில் லேப் அசிஸ்டன்ட்டிடம் பெயர் எழுதிக் கொடுத்தால் ஐந்தரை வரை உட்காரலாம். ஆனால் காலேஜ் பஸ் நாலரைக்கே கிளம்பிவிடுவதால் பெண்கள் பாதியிலேயே எழுந்து ஓடுகிறார்கள். ஐந்தரைக்கு இன்னொரு பஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.