வேன் சிலிண்டரில் ஒரு கிலோ எரிவாயு என்ன விலைக்கு விழுகிறது? எங்கள் ரசீதுகளும் அனுபவங்களும்

லெஸ்டரிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

கேம்பர்வேன் வாங்கிய நாள்முதல், ஐந்து ஆண்டுகளாக எரிவாயுவுக்குக் கொடுத்த காசின் ரசீதுகளை ஒரு பழைய முறுக்கு டின்னில் போட்டு வந்தேன். சென்ற வாரம் அவற்றை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, இத்தனை நாள் எதையோ எதனோடோ ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. இங்கிலாந்தில் கடைக்காரர் சிலிண்டர் கணக்கில் விற்கிறார். பெட்ரோல் நிலையத்து ஆட்டோகேஸ் (வண்டிகளுக்கான திரவ எரிவாயு) பம்ப் லிட்டர் கணக்கில் விற்கிறது. இரண்டையும் கிலோவுக்கு மாற்றினால்தான் எது மலிவு என்பது தெரியும். சிலிண்டரில் வரும் வாயு புரோப்பேனாக இருந்தாலும் பியூட்டேனாக இருந்தாலும் ஒரு கிலோவில் ஏறத்தாழ 13.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது என்பதால் கிலோக் கணக்கு இரண்டுக்கும் நியாயமானதே. ஒரு லிட்டர் ஆட்டோகேஸ் சுமார் 510 கிராம் எடை இருக்கும்.

நான் கடைசியாகக் கொடுத்த, கேட்ட விலைகளை மட்டும் சொல்கிறேன்; உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கலாம். காலர் நிறுவனத்தின் 6 கிலோ சிவப்புப் புரோப்பேன் சிலிண்டரை மாற்ற (காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்க) 33 பவுண்டு ஆயிற்று, கிலோ 5.50. அதே சிவப்பில் 13 கிலோ சிலிண்டருக்கு 48 பவுண்டு; கிலோ 3.70 அளவில் வருகிறது, ஆனால் அது எங்கள் வேனின் பெட்டிக்குள் நுழையாது. கேம்பிங்காஸ் 907 சிலிண்டரில் இருப்பது 2.75 கிலோ பியூட்டேன். அதற்கு 38 பவுண்டு கொடுத்தேன், அதாவது கிலோ கிட்டத்தட்ட 13.80. ஆட்டோகேஸ் லிட்டர் 95 பென்ஸ், கிலோவுக்கு 1.86தான்.

இந்த நான்கு எண்களையும் பார்க்கிற எவரும் நாமே நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர் ஒன்றை உடனே வாங்கிவிடத் துடிப்பார்கள். நானும் துடித்தேன். 10 கிலோ சேஃப்ஃபில் சிலிண்டரும் அதற்கு வேண்டிய இணைப்புகளும் சேர்த்து 240 பவுண்டு என்றார்கள். 6 கிலோ சிவப்போடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 3.64 மிச்சமாகிறது என்றால் போட்ட முதல் திரும்ப 66 கிலோ எரிக்க வேண்டும். டின்னில் 6 கிலோ சிவப்புக்கு எத்தனை ரசீது இருக்கிறது என்று எண்ணினேன்: ஐந்து ஆண்டுகளில் ஒன்பது. 54 கிலோ! முகாம்களில் 16 ஆம்பியர் மின் இணைப்பு எடுத்துவிடுகிறோம். கெட்டில், ஹீட்டர் எல்லாம் அதில் ஓடிவிடும். எரிவாயு தோசைக்கும் குழம்புக்கும் மட்டுமே. இரண்டு கிலோவாட் அடுப்பு முழுத் தீயில் எரிந்தாலும் மணிக்கு 145 கிராம்தான் செலவாகும். என்னைப் போன்றவருக்குக் கிலோ விலையைவிட ஆண்டுக்கு எத்தனை கிலோ எரிக்கிறோம் என்பதே பெரிய கேள்வி.

மலிவைத் தேடி நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 7 கிலோ நீலப் பியூட்டேன், 6 கிலோ சிவப்பின் விலைக்கே கிடைத்தது. ஒரு கிலோ சும்மா வருகிறதே என்று வாங்கிக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்காட்லாந்தின் அவீமோருக்குப் போனோம். காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தால், தீ மல்லிகை மொட்டளவுக்குச் சுருங்கி நின்றது; கண்ணெதிரே அதுவும் அணைந்தது. சிலிண்டரைத் தூக்கி அசைத்தேன், உள்ளே திரவம் தளும்புகிறது. பியூட்டேன் சுழியப் பாகைக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும் என்பதும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, எங்களுக்கும் உறைந்தது. அன்றே ஒரு சிவப்புச் சிலிண்டரும், அதற்கு ஏற்ற புதுக் குழாயும் வாங்க வேண்டியதாயிற்று, ஏனெனில் நீலத்தில் அழுத்திப் பொருத்தும் வாய், சிவப்பில் இடப்புறம் சுற்றி இறுக்கும் மரை. இரண்டு வாயுவுக்கும் பொதுவான, சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் இருந்ததால் செலவு குழாயோடு போயிற்று. ரெகுலேட்டர் சிலிண்டர் தலையில் இருக்கும் பழைய வண்டியாக இருந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மரையை எந்தப் பக்கம் திருப்புவது என்று விறைத்த விரல்களோடு நான் ஸ்பானரைப் பிடித்துத் தடுமாறியதை என் மனைவி இன்றும் விருந்தினரிடம் சொல்லிச் சிரிப்பார்.

நியூகாசிலிலிருந்து ஓர் உறுப்பினர்

அண்ணா, உங்கள் கணக்கு சரியே, ஆனால் நாங்கள் அதன் மறுகரையில் இருக்கிறோம். ஓய்வு பெற்றபின் குளிர்காலத்திலும் மின் இணைப்பில்லாத இடங்களில் தங்குகிறோம். எங்கள் ட்ரூமா காம்பி 4 ஹீட்டர் பாதி வேகத்தில் மணிக்கு 160 கிராமும் முழு வேகத்தில் 320 கிராமும் எடுக்கும். பனி கொட்டும் ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ போய்விடும். 6 கிலோ சிலிண்டர் நான்கு இரவுக்கு மேல் வராது. வெளிப்புற நிரப்பு வாயோடு, நாமே நிரப்பிக்கொள்ளும் 11 கிலோ காஸ்லோ சிலிண்டர்கள் இரண்டைப் பொருத்த, கூலியும் சேர்த்து 650 பவுண்டு ஆயிற்று. முதல் குளிர்காலத்தில் மட்டும் 90 கிலோவுக்கு மேல் எரித்தோம். இரண்டாவது முடிவதற்குள் முதல் திரும்பிவிட்டது.

நிரப்புவது சுகமான வேலை. பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 80 விழுக்காடு நிறைந்ததும் உள்ளே இருக்கும் வால்வு தானாக மூடிக்கொள்ள, பம்ப் "டொக்" என்று நின்றுவிடும்.

குறையும் உண்டு. ஆட்டோகேஸ் தரும் நிலையங்கள் நாட்டில் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு முறை 25 மைல் ஓட்டிப் போய்ப் பார்த்தால் பம்பின் மேல் உறை போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் போக்குவரத்து டீசல் ஆட்டோகேஸில் மிச்சப்படுத்திய காசைத் தின்றுவிட்டது. இன்னோர் இடத்தில், தானாக மூடும் வால்வைக் காட்டியும், சிலிண்டர் எதையும் நிரப்ப விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆதலால் வழியில் எங்கே நிரப்பலாம் என்பதை முந்தின இரவே பார்த்துவைத்துக்கொள்கிறேன், பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுகிறேன்.

ஹேரோவிலிருந்து ஓர் உறுப்பினர்

கேம்பிங்காஸைக் கிலோ விலையைக் காட்டி எல்லாரும் திட்டுகிறார்கள். நானும் இங்கே அதை வாங்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவுடன் பிரிட்டிஷ் சிலிண்டரை எந்தக் கடையிலும் மாற்றித் தரமாட்டார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சிலிண்டர், ஒவ்வொரு வாய். பிரான்சில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் காலி 907ஐக் கொடுத்து நிறைந்ததை இரண்டே நிமிடத்தில் வாங்கினேன். ஸ்பெயினில் நான் கொடுத்தது இங்கே கொடுத்ததில் பாதிகூட இல்லை. அங்கே கிளம்பும்போது காலியாக எடுத்துச் சென்று நிறைத்துக்கொண்டு திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. எங்கள் சிறிய வேனில் வேறு சிலிண்டர் நிற்கவும் நிற்காது. உள்ளே இருப்பது பியூட்டேன் என்பதால் அக்டோபருக்கு மேல் எங்களுக்குப் பயணம் கிடையாது.

ஆட்டோகேஸ் வைத்திருப்பவர்கள் ஐரோப்பா போவதானால் நிரப்பும் வாய்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே பயனெட் வகை, பிரான்சிலும் இத்தாலியிலும் டிஷ், ஜெர்மனியில் ஏக்மி, ஸ்பெயினில் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு தேவை.

கார்டிஃபிலிருந்து ஓர் உறுப்பினர்

எல்லாரும் நிறைந்த சிலிண்டரைக் கணக்கிடுகிறீர்கள். திருப்பிக் கொடுத்த சிலிண்டரில் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தீர்களா? விடுமுறை நடுவில் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஒவ்வொரு கோடையிலும் கிளம்பும் முன் புதிதாக மாற்றிக்கொண்டே வந்தேன். போன முறை கடைக்குப் போகும் முன் ஒரு சந்தேகத்தில் எடை போட்டேன். கழுத்தில் இருக்கும் வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். 1.4 கிலோ இருந்தது. மாற்றும்போது மீதிக்குக் காசு தருவதில்லை என்பதால், 33 பவுண்டு கொடுத்து நான் எரித்தது 4.6 கிலோதான், கிலோ 7.17 ஆகிவிட்டது.

தராசு இல்லாவிட்டால் ஒரு குவளை வெந்நீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து ஊற்றித் தடவிப் பாருங்கள். காலியான பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். திரவம் நிற்கும் மட்டத்திலிருந்து கீழே கை சட்டென்று குளிர்ந்துவிடும்.

மீண்டும் லெஸ்டரிலிருந்து

கார்டிஃப் தம்பி சொன்னதைப் படித்ததும் குளியலறைத் தராசைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிலிண்டரைத் தனியே வைத்தால் எண் அதற்கு அடியில் மறைந்துவிடுகிறது; நானே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நின்று, மனைவியைப் படிக்கச் சொல்லி, பிறகு என் எடையைக் கழித்தேன். (என் எடையை அவர் இருமுறை உரக்கப் படித்தார்.) காலி என்று நினைத்து வெள்ளிக்கிழமை மாற்றவிருந்த சிலிண்டரில் 2.1 கிலோ இருக்கிறது. இன்னும் பதினான்கு மணி நேரச் சமையல். பீக் டிஸ்ட்ரிக்டுக்கு மூன்று இரவுதானே, அதோடுதான் கிளம்புகிறோம்.