திரும்பும்போது சொந்த கேமராவுக்குச் சுங்க வரியா?

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வரணும். இங்கே வாங்கிய கேமரா, 2 லென்ஸ், லேப்டாப் கையில் இருக்கும். வரி கேட்பார்களா?

பதில் 1: கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (பொருளை இங்கிருந்துதான் கொண்டுபோனீர்கள் என்பதற்கான சான்று) வாங்கிவிடுங்கள். கேமரா பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் அதில் ஏறணும்; வெறுமனே ‘கேமரா 1’ என்றிருந்தால் அடையாளம் காட்ட முடியாது. பொருளை நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பில் நகலும் இருக்கட்டும்.

பதில் 2: லேப்டாப்புக்குப் பயம் வேண்டாம். 18 வயது நிரம்பியவருக்கு ஒன்றுக்கு வரி இல்லை.

பதில் 3: அங்கே வாரண்டியில் பாடியை மாற்றிக் கொடுத்தால் சீரியல் நம்பர் மாறிவிடும், சர்டிபிகேட் பொருந்தாது. சர்வீஸ் சென்டர் தாளைக் கேட்டு வாங்குங்கள். புது லென்ஸ் வாங்கினால் கதையே வேறு: வரியில்லா வரம்பு தலைக்குத் தனித்தனி, தம்பதியாக வந்தாலும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் காட்ட முடியாது. வரம்பைத் தாண்டினால் ரெட் சேனல்தான், அதாவது சுங்கத்தில் பொருளைச் சொல்லி வரி கட்டும் வழி.