பட்லரில் யாரும் எடுக்காத வயர்லெஸ்

மீனா பிட்ஸ்பர்க்: பெரியப்பா, பட்லர் ஊரில் நடந்த துப்பாக்கிச்சூடு பற்றி இங்கே அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக் குழுவும் செனட் குழுவும் கொடுத்த அறிக்கைகளை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான் அந்த ஊர். மனசே ஆறவில்லை.

பெரியப்பா: தேர்தல் கூட்டத்தில் ட்ரம்ப் காதில் குண்டு பட்டதே, 2024 ஜூலை 13, அதுதானே? சொல்லம்மா.

மீனா பிட்ஸ்பர்க்: சுட்டவன் ஏறிய கட்டடம் மேடையிலிருந்து சுமார் 130 மீட்டர்தான். அதன் கூரையில் ஒரு போலீஸ்கூட இல்லை.

பெரியப்பா: எங்கள் போலீஸ் வேலையில் பந்தோபஸ்து என்றாலே முதலில் மாடியைத்தான் பார்ப்போம். காலையிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒரு கான்ஸ்டபிளை ஏற்றிவிடுவோம். தலைவர் வண்டி கிளம்பிய பிறகுதான் அவர் இறங்கலாம்.

சுதா சித்தி: அவனை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா?

மீனா பிட்ஸ்பர்க்: பார்த்தார்கள் சித்தி! சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே உள்ளூர் போலீஸ் சந்தேகப்பட்டுப் படம் எடுத்திருக்கிறது. கையில் தூரம் அளக்கும் கருவி வேறு வைத்திருந்தான். ஆனால் உள்ளூர் போலீசுக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, தலைவர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீசுக்குத் தனி அறை. இவர்கள் வயர்லெஸில் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

பெரியப்பா: ஒரு செட்டை மாற்றிக் கொடுத்திருந்தால் போதுமே?

மீனா பிட்ஸ்பர்க்: உள்ளூர் போலீஸ் செட்டை எடுத்தே வைத்திருந்தது பெரியப்பா. சீக்ரெட் சர்வீஸ் துப்பாக்கி வீரர்கள் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. "கூரையில் ஆள், கையில் துப்பாக்கி" என்று கடைசி நிமிடத்தில் உள்ளூர் வயர்லெஸில் கத்தினார்கள். அது அவர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் சுட்டுவிட்டான். எட்டுத் தோட்டா.

பெரியப்பா: ஐயோ.

கார்த்தி: அக்கா, எப்.பி.ஐ. விசாரித்ததே, எம்.பி.க்கள் எதற்கு?

மீனா பிட்ஸ்பர்க்: எப்.பி.ஐ. சுட்டவனைப் பற்றி விசாரிக்கும். காக்க வேண்டியவர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று அவர்களை உட்காரவைத்துக் கேட்க யாராவது வேண்டாமா? ஜூலை 22 அன்று சீக்ரெட் சர்வீஸ் இயக்குநர் கிம்பர்லி சீட்டிலை சபையின் மேற்பார்வைக் குழு கூப்பிட்டு மணிக்கணக்கில் கேட்டது. நேரான பதில் வரவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் பதவி விலகச் சொன்னார்கள். மறுநாள் விலகிவிட்டார். அதற்கு அடுத்த நாள் 416-0 என்ற வாக்கில் தனிக் குழு போட்டார்கள். எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை! அந்தக் குழுவின் தலைவர் மைக் கெல்லிக்குச் சொந்த ஊரே பட்லர். அன்றைக்குக் கூட்டத்திலும் இருந்தார். தடுத்திருக்கக்கூடிய சம்பவம் என்று டிசம்பரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா: ஸ்ரீபெரும்புதூருக்கு நீதிபதி வர்மா கமிஷன்தான் பாதுகாப்புக் குறையை விசாரித்தது. அன்றைக்கு ராஜீவோடு எங்கள் போலீஸ்காரர்களும் செத்தார்கள். மக்கள் பிரதிநிதிகளே அதிகாரியை நேருக்கு நேர் கேட்டு, அதை ஊரே டிவியில் பார்த்தது பெரிய விஷயம். சரி, யாருக்காவது தண்டனை உண்டா?

மீனா பிட்ஸ்பர்க்: சீக்ரெட் சர்வீசில் ஆறு பேருக்குச் சம்பளமில்லாத இடைநீக்கம். 10 நாளிலிருந்து 42 நாள் வரை.

சுதா சித்தி: அன்றைக்கு யாரோ செத்தும் போனாரே?

மீனா பிட்ஸ்பர்க்: தீயணைப்பு வேலை பார்த்தவர் சித்தி. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்தார். சத்தம் கேட்டதும் அவர்களை மறைத்து மேலே விழுந்திருக்கிறார்.

பெரியப்பா: 42 நாள்தானா.

பெரியப்பா: அந்த வயர்லெஸ் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை அனுப்பு, மீனா. சாயங்காலம் கார்த்தி வந்து தமிழில் சொல்லட்டும். முழுசாகக் கேட்க வேண்டும்.