பழைய போட்டோக்களை எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்வது?

மதுரைக்காரன்:
வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள். பெரும்பாலும் 4×6 கலர் பிரிண்ட், கொஞ்சம் கறுப்பு வெள்ளை, அப்புறம் தாத்தாவின் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறார் அம்மா. ஸ்கேனரில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற கணக்கு) 75 முதல் 9600 வரை காட்டுகிறது. 1200 வைத்து ஒரு 4×6 எடுத்தேன், டிஃப் ஃபைல் 100 எம்பியைத் தாண்டிவிட்டது. ஸ்டுடியோக்காரர் 300 போதும் என்கிறார். எதை வைப்பது?

இருட்டறை:
அதே அளவில் திரும்ப பிரிண்ட் போட 300 போதும், அவர் சொன்னதில் தப்பில்லை. 4×6ஐ 600 வைத்து எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 8×12 வரை தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் ஏற்றுவது வீண், ஏனென்றால் லேப் பிரிண்டில் இருக்கிற விவரமே பெரும்பாலும் 300ஐ ஒட்டித்தான் இருக்கும், 1200 வைத்தால் பேப்பரின் சொரசொரப்பும் தூசியும்தான் நன்றாகத் தெரியும். 9600 எல்லாம் மென்பொருள் கணக்குப் போட்டு இட்டு நிரப்புகிற பிக்சல். மேனுவலில் ஆப்டிகல் (ஸ்கேனர் நிஜமாகவே பார்க்கக்கூடிய அளவு) என்று போட்டிருக்கிற எண்ணைத் தாண்டாதீர்கள்.

தாத்தா படம் மட்டும் வேறு கணக்கு. 35×45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 300ல் 413×531 பிக்சல்தான் வரும், மாட்டுகிற அளவுக்கு அது தாங்காது. 1200 வையுங்கள், 8×10 அங்குலத்துக்குச் சுமார் 200 டிபிஐ கிடைக்கும், சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். பழைய ஸ்டுடியோவில் நெகட்டிவைத் தாள்மேல் நேராக வைத்துப் போட்ட படமாக இருந்தால் உள்ளே விவரமும் நிறையவே இருக்கும்.

நெகட்டிவ்பிரியன்:
பிரிண்டோடு மல்லுக்கட்டும் முன் பெட்டியின் அடியில் நெகட்டிவ் கவர் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள் சார். நெகட்டிவ் கிடைத்தால் அந்தப் பிரிண்டைத் தொடவே வேண்டாம். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டம் 36×24 மி.மீ.தான், அதனால் 600 எல்லாம் உதவாது, 2400 வைத்தால் 3400×2270 அளவுக்கு வரும். மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும். இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் இருந்தால் கலர் நெகட்டிவுக்கு மட்டும் போடுங்கள், கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள் என்பதால் அதையும் தூசி என்று நினைத்துக் கெடுத்துவிடும்.

மதுரைக்காரன்:
நன்றி சார். நெகட்டிவ் தேடிப் பார்க்கிறேன். கறுப்பு வெள்ளையைக் கிரேஸ்கேலில் எடுக்கலாமா? சில கலர் பிரிண்டில் தேன்கூடு மாதிரி மேடுபள்ளம் வேறு, ஸ்கேனில் புள்ளி புள்ளியாக விழுகிறது. இரண்டு படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இருட்டறை:
கறுப்பு வெள்ளையையும் கலரிலேயே எடுங்கள். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல், அதாவது தனித்தனி அடுக்கு இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அதிகம் விழும், பிறகு சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் போய்விடும். ஸ்கேனரில் ஷார்ப்பனிங்கை (விளிம்புகளைக் கூர்மையாக்கிக் காட்டுவதை) அணைத்துவிடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் பிறகு செய்யலாம்.

தேன்கூடு பேப்பருக்கு டிபிஐயை ஏற்றினாலும் இறக்கினாலும் ஒன்றும் ஆகாது, பக்கவாட்டு வெளிச்சம் மேட்டில் பட்டுத் தெறிப்பதுதான் காரணம். ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து இரண்டையும் பொருத்திக் கலந்தால் நன்றாகக் குறையும். பொறுமை இல்லையென்றால் இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுத்துவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டியதை உரிக்கவே உரிக்காதீர்கள், எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கிற மேல்பூச்சு, கையோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்துப் போடுங்கள். கொஞ்சம் மங்கலாக விழுந்தால் அதையும் கேமராவில்தான் எடுக்க வேண்டும், சில ஸ்கேனர்களுக்குத் தன் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் ஃபோகஸ் ஆகும்.